நான்காவது பெயருக்கு இரண்டு கிலோமீட்டர்

எங்கள் குடும்பத்தில் நான்கு பேருக்கு உடற்பயிற்சி தேவைப்பட்டது. ஓடக்கூடிய நிலையில் இருந்தவன் நான் மட்டும். ஆகவே தினமும் காலை பாளையங்கோட்டை மைதானத்தில் எட்டு கிலோமீட்டர் ஓடினேன். இரண்டு எனக்கு, இரண்டு அம்மாவுக்கு, இரண்டு அப்பாவுக்கு. மிச்சம் இரண்டு, மூன்று வருடமாக வீட்டிலேயே இல்லாத என் அண்ணனுக்கு.

இதை முதலில் விளக்கிவிடுகிறேன்.

ஓடினால் தசையிலிருந்து ஏதோ ஒரு சரக்கு ரத்தத்தில் கலக்கிறது, அது சர்க்கரையை இறக்குகிறது, மனச்சோர்வைக் குறைக்கிறது என்பதெல்லாம் எல்லோருக்கும் எப்போதோ தெரியும். தெரிந்தும் யாரும் ஓடவில்லை. மனச்சோர்வில் படுத்திருப்பவரிடம் போய் ஓடச் சொல்வதும், கால் ஒடிந்தவரிடம் மருந்துக்கடை மூன்றாவது மாடியில் இருக்கிறது என்று சொல்வதும் ஒன்றுதான் என்று கண்டுபிடிக்க அரசாங்கத்துக்கு ஒரு வல்லுநர் குழுவும் மூன்று இடைக்கால அறிக்கைகளும் தேவைப்பட்டன. அதன் பிறகு வந்ததுதான் பிளாஸ்திரி. ஓடுகிறவர் புஜத்தில் ஒன்று, ஓடாதவர் புஜத்தில் ஒன்று. இவர் உடம்பில் சுரப்பது இறங்கி அவர் உடம்பில் அதே அளவுக்கு ஏறும். இங்கே இறங்கினால்தான் அங்கே ஏறும். ஏன் அப்படி என்று எங்கள் கல்லூரியில் கேட்டேன். இயற்பியல் துறை வேதியியல் துறையைக் கைகாட்டியது. வேதியியல் துறையில் எல்லோரும் மைதானத்துக்குப் போயிருந்தார்கள்.

திட்டத்தின் முழுப் பெயர் நாட்பட்ட நோய்கள் மற்றும் மனநல ஒருங்கிணைந்த பராமரிப்புத் திட்டம். முன்பெல்லாம் சர்க்கரைக்கு ஒரு டாக்டர், ரத்த அழுத்தத்துக்கு ஒரு டாக்டர், சிறுநீரகத்துக்கு ஒருவர், மனசுக்கு யாருமில்லை. இப்போது எல்லாவற்றுக்கும் ஒரே கோப்பு, ஒரே வரிசை. எதை வைத்து ஒருங்கிணைப்பது என்று யோசித்தவர்கள் கடைசியில் நம் ஊரில் எல்லாவற்றையும் எதை வைத்துச் செய்வார்களோ அதை வைத்தே செய்தார்கள். ரேஷன் கார்டு. கார்டில் எத்தனை பெயரோ அத்தனை பங்கு. யார் ஓடினாலும் அன்றைய ஓட்டம் எல்லாப் பெயருக்கும் சமமாகப் பிரியும். மாதம் ஒரு முறை எந்த ஊர் ரேஷன் கடையிலும் கைரேகை வைத்துப் புதுப் பிளாஸ்திரி வாங்கிக்கொள்ளலாம். மொத்தக் கிலோமீட்டர் குடும்பத்தில் எல்லோருடைய போனிலும் தெரியும். யார் ஓடியது, யாருக்கு எவ்வளவு ஏறியது என்பது மட்டும் அந்தரங்கம்.

இதனால் நாட்டில் நேர்ந்த மாற்றங்கள் சில. கல்யாண விளம்பரங்களில் மணமகனின் சம்பளத்துக்கு முன்னால் அவன் எத்தனை கிலோமீட்டர் என்று போட ஆரம்பித்தார்கள். எங்கள் வகுப்பில் நீளம் தாண்டுகிற ஒருவனை ஒன்பது பேர் உள்ள ஒரு குடும்பம் சட்டப்படி தத்தெடுத்தது. காலை ஐந்தரைக்கு மைதானத்தில் நிற்க இடம் கிடையாது. அத்தனை பேர் ஓடியும் ஒரு முகத்தில்கூடச் சிரிப்பிருக்காது. சிரிப்பெல்லாம் அவரவர் வீட்டில் சோபாவில் இருந்தது.

எங்கள் வீட்டில் அது அம்மாவிடம் இருந்தது. அம்மா பெயர் ஆவுடைச்செல்வி. சர்க்கரையும் மூட்டுவலியும் உண்டு. நான் ஏழாவது கிலோமீட்டரில் நுரை தள்ளிக்கொண்டிருக்கும்போது அம்மா வீட்டில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு தோசை வார்ப்பாள். டிவி தொடரில் மருமகள் வீட்டைவிட்டு வெளியேறும் காட்சிக்குச் சிரித்தாள். மூன்றே மாதத்தில் அம்மாவின் சர்க்கரை இறங்கி, மனச்சோர்வு மதிப்பெண் பதினான்கிலிருந்து மூன்றுக்கு வந்திருந்தது.

அப்பாவுடையது இருபத்தொன்றிலிருந்து இருபதுக்கு வந்திருந்தது. இருபத்தேழுக்கு மேல் அதில் எண்ணே கிடையாது.

அப்பா சிவசைலம் பஸ் கண்டக்டராக இருந்தவர். எல்லாப் பஸ்ஸிலும் சீட்டுக் கொடுக்கும் இயந்திரம் வைத்தபோது அவரை நான்கு வருடம் முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சர்க்கரை ஊசி போடுவதற்குக்கூட நாங்கள் ஞாபகப்படுத்த வேண்டும். ஞாபகப்படுத்தினால், “போட்டு?” என்பார். போட்டு என்ன ஆகப்போகிறது என்பது அதன் பொருள்.

மூன்றாம் மாதப் பரிசோதனைக்கு நலவாழ்வு மையத்துக்குப் போனோம். எங்கள் கோப்பைப் பார்ப்பவர் ஜெசிந்தா சிஸ்டர். அவர் திரையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“தம்பி, நீ ஒழுங்கா ஓடுதியா?”

“எழுநூத்தி இருவது கிலோமீட்டர் சிஸ்டர். மெட்ராஸுக்கு ஓடியிருந்தா இந்நேரம் அங்க ஒரு வேலையே கெடச்சிருக்கும்.”

“பொறவு ஏன் அப்பாவுக்கு எறங்கல? கிட்னி நம்பர் வேற கூடிக்கிட்டே வருது.” அப்பாவிடம் திரும்பினார். “அண்ணாச்சி, ஊசி போடுதியளா?”

“போடுதேன்.”

“நெசமா?”

“நீங்க கேட்டீய, நான் சொன்னேன்” என்றார் அப்பா.

சிஸ்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். “அடுத்த தடவையும் இப்பிடியே இருந்துச்சுன்னா டயாலிசிஸ்தான். வாரம் மூணு நாளு. இவரு இருக்க நெலமையில அதுக்கும் வரமாட்டாரு. வெளங்குதா?”

விளங்கியது. நான் புள்ளியியல் இரண்டாம் ஆண்டு மாணவன். வீட்டுக்கு வந்ததும் கணக்குப் போட்டேன். எட்டை நான்கால் வகுத்தால் இரண்டு. மூன்றால் வகுத்தால் இரண்டே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு. அப்பாவுக்குத் தேவைப்படுவது அந்தக் கூடுதல்தான். அதை அண்ணன் பெயர் வாங்கிக்கொண்டிருக்கிறது.

அண்ணன் பெயர் திருமலைக்கொழுந்து. தாத்தா பெயர். வீட்டில் கொழுந்து. இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஏழு மாதம் கட்டிலில் படுத்திருந்தான். அப்போது பிளாஸ்திரி கிடையாது. அது சோம்பேறித்தனம் என்பது குடும்பத்தின் ஒருமித்த கருத்து. அப்பா தினமும் டூட்டிக்குப் போகும்போது கட்டில் பக்கத்தில் நின்று, “எந்திரிச்சு நாலு சுத்து ஓடுல, எல்லாம் சரியாயிரும்” என்பார். ஒருநாள் அண்ணன் எழுந்தான். ஓடவில்லை, போய்விட்டான். போகும்போது, “கார்டுலேருந்து எம்பேர எடுத்துருங்க” என்றான். “எடுத்துருதேன்” என்றார் அப்பா. அதுதான் இருவரும் கடைசியாகப் பேசியது. எங்கே இருக்கிறான், இருக்கிறானா என்பதுகூட எங்களுக்குத் தெரியாது.

பெயரை எடுக்கக் குடும்பத் தலைவியின் கைரேகை வேண்டும். தலைவி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

“எம்மா, அண்ணன் பேர எடுத்துருவோம்.”

“எதுலேருந்து?”

“கார்டுலேருந்து. அவனுக்குப் போற ரெண்டு கிலோமீட்டரு அப்பாவுக்கு வரும்லா.”

அம்மா சிரித்த முகத்தோடுதான் திரும்பினாள். அவளுக்குள் நான் ஓடிய இரண்டு கிலோமீட்டர் இருந்தது. “எய்யா, அவன் ஏதாவது ஒரு ஊருல பசிச்சு ரேசன் கடையில போயி வெரல வச்சான்னா மிசினு என்ன சொல்லும்?”

“இந்தப் பேருல ஆளு இல்லன்னு சொல்லும்.”

“எம்புள்ள அத மிசினு சொல்லிக் கேக்கணுமா?”

“அப்பாவுக்கு கிட்னி போயிட்டுன்னா?”

“நீ பத்தா ஓடு.”

“நானும் மனுசன்தாம்மா.”

“பன்னெண்டா ஓடு” என்றாள் அம்மா. பிறகு தோசையைத் திருப்பிப் போட்டாள். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

மறுநாள் கல்லூரிக்குப் போகாமல் நேராக நலவாழ்வு மையத்துக்குப் போனேன். வாரிசுச் சான்று, காவல்துறைச் சான்று ஏதாவது கொடுத்து ஒரு பெயரை எடுக்க வழியுண்டா என்று ஜெசிந்தா சிஸ்டரிடம் கேட்டேன். எதற்கு என்றார். ஆளே இல்லாத பெயருக்கு இரண்டு கிலோமீட்டர் வீணாகப் போகிறது என்றேன்.

“வீணால்லாம் போவாதே. பிளாஸ்திரி போடாத பேருக்குப் போற பங்கு அன்னைக்கே திரும்பி வந்துரும். ஒனக்கே ஏறியிருக்கும்.”

“எனக்கு ஏறல சிஸ்டர். என் மூஞ்சியப் பாத்தா தெரியலயா?”

அவர் என் மூஞ்சியைப் பார்த்தார். ஒப்புக்கொண்டு கோப்பைத் திறந்தார். வெகு நேரம் படித்தார். “இத நான் ஒங்கிட்டச் சொல்லக்கூடாது” என்றார். இப்படி ஆரம்பித்தவர்கள் யாரும் சொல்லாமல் விட்டதில்லை என்பதால் நான் காத்திருந்தேன்.

“நாலாவது பேரு பிளாஸ்திரி வாங்குது தம்பி. மாசாமாசம் ஒண்ணாந்தேதி. ஒரே கடையில.”

உட்கார்ந்திருந்தவன் எழுந்துவிட்டேன்.

“எந்த ஊரு சிஸ்டர்?”

“அதக் கண்டிப்பாச் சொல்லமாட்டேன். கடல் இருக்க ஊரு.”

“உசுரோட இருக்கானா?”

“கைரேகை வைக்குதான்ல. வேற என்ன அத்தாட்சி வேணும்?” என்றவர் குரலைத் தாழ்த்தினார். “இன்னொண்ணு. அவனுக்கு ரெண்டு போவல. நாலு போவுது. ஒங்கப்பா தன் பங்கு மொத்தத்தையும் அவன் பேருக்கு எழுதிக் குடுத்துருக்காரு. திட்டத்துல சேந்த ரெண்டாவது வாரமே. அதுக்குப் பொறவு ஒங்கப்பாவுக்கு ஒரு மீட்டரு கூட ஏறல.”

எழுநூற்று இருபதில் கிட்டத்தட்டப் பாதியை நான் முன்பின் தெரியாத ஒரு கடலோரத்துக்கு ஓடியிருக்கிறேன்.

“அத ரத்து பண்ணுங்க சிஸ்டர்.”

“அவரு வச்ச கைரேகைய அவருதான் எடுக்கணும்.”

“எடுக்கமாட்டாரு. வேற வழியே இல்லயா?”

“ஒண்ணு இருக்கு. யாரு ஓடுதாவளோ, அவிய பங்க மட்டும் யாருக்கும் எழுதிக் குடுக்க முடியாது. அது அவிய ஒடம்பவிட்டு எறங்காது. எத்தன பிளாஸ்திரி ஒட்டுனாலும் எறங்காது. அதனால அண்ணாச்சியே நடந்தாருன்னா அவருக்கு உண்டானது அவருக்கே நிக்கும். நடந்தாருன்னா.” அந்தக் கடைசி வார்த்தையில் சிஸ்டருக்கே நம்பிக்கையில்லை.

வீட்டில் அம்மா காய் வாங்கப் போயிருந்தாள். அப்பா நாற்காலியில் இருந்தார். எதிரில் உட்கார்ந்தேன்.

“எப்பா, கொழுந்து எங்க இருக்கான்?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார். மூன்று குறுஞ்செய்திகள். ‘குடும்ப உறுப்பினர் திருமலைக்கொழுந்து பிளாஸ்திரி ஒன்று பெற்றுக்கொண்டார்.’ கீழே ஒரு கடை எண். கார்டில் பதிந்திருந்தது அப்பாவின் போன் எண். இதை மூன்று மாதமாக நான் யோசிக்கவேயில்லை. நான் புள்ளியியல் மாணவன் என்று முன்பே சொன்னேன்.

“அம்மாட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா அன்னைக்கே பஸ் ஏறிருவா. இவ போயி நின்னா அவன் அங்கேருந்தும் கெளம்பிருவான். இப்ப ஒரு எடத்துல இருக்கான்லா. இருக்கட்டும்.”

“சரி. ஒங்க பங்க எதுக்கு அவனுக்குக் குடுத்திய?”

“எனக்கு எதுக்குல அது? நான் என்ன டூட்டிக்கா போப்போறேன்?”

“கிட்னி போவுதுப்பா.”

“போட்டும்.” ஜன்னல் பக்கம் திரும்பினார். பிறகு, இந்த இரண்டு வருடத்தில் அவர் பேசியதிலேயே நீளமானதைப் பேசினார். “ஏல, அவன் படுத்துக் கெடந்தான்லா. நாலு சுத்து ஓடுலன்னு தெனமும் சொன்னேன். இன்னைக்கு கவுருமெண்டும் அதத்தான் சொல்லுது. நான் சொன்னதுல தப்பில்ல. ஆனா எந்திரிக்கவே முடியாதுல. இந்த நாற்காலியில உக்காந்த பொறவுதான் எனக்குத் தெரியுது, எந்திரிக்கவே முடியாது. அவனுக்காவ அன்னைக்கு வேற யாராவது ஓடியிருக்கணும். நான் ஓடியிருக்கலாம். அப்ப எனக்குக் காலு நல்லாத்தான் இருந்துச்சு.”

நான் போனை அவர் சட்டைப் பையில் திருப்பி வைத்தேன்.

“நீ ஓடுதத மட்டும் நிப்பாட்டிராத” என்றார்.

நிறுத்தினேன்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு அலாரம் அடித்தது. அணைத்துவிட்டுப் படுத்திருந்தேன். ஆறு மணிக்கு அப்பாவின் குரல்.

“ஏல குத்தாலம், மைதானத்துக்குப் போவல?”

என் பெயர் குற்றாலிங்கம். “முட்டி வலிக்குப்பா. டாக்டரு ஓடக்கூடாதுன்னுட்டாரு.”

“எந்த டாக்டரு?”

“காலேஜ் டாக்டரு.”

“காலேஜுல ஏதுல டாக்டரு?”

“புதுசா வந்துருக்காரு.”

அன்று போனில் குடும்பத்தின் மொத்த ஓட்டம் பூஜ்யம். அம்மா தோசையைக் கருக்கினாள், பாட்டும் இல்லை. அப்பா நாள் முழுவதும் போனைத் திறந்து திறந்து மூடினார். இரண்டாம் நாளும் பூஜ்யம். நான் நொண்டிக்கொண்டே சாப்பிட வந்தேன்.

“நேத்து வலது முட்டியில்லா?” என்றார் அப்பா.

“பரவிட்டுப்பா.”

மூன்றாம் நாள் காலையில் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தேன். அப்பா நாற்காலியில் இல்லை. முன்வாசல் கதவிலிருந்து பின்வாசல் கதவு வரை நடந்துகொண்டிருந்தார். பின்வாசலில் ஒரு வினாடி நிற்பது, திரும்புவது, மறுபடி முன்வாசல். இடது கையால் வழியிலிருக்கும் பீரோ, மேஜை, கதவுநிலை ஒவ்வொன்றையும் பிடித்துப் பிடித்து விட்டார். ஓடும் பஸ்ஸில் இருபத்தாறு வருடம் நடந்தவர். தெருவில் நடக்க அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை. மூச்சு இரைத்தது. நான்காவது நடைக்கே மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் எழுந்துபோய்ப் பிடிக்கலாமா என்று நினைத்தேன். முட்டி வலி இருப்பதால் எழவில்லை. அந்த வாரத்தில் நான் செய்த ஒரே கடினமான உடற்பயிற்சி அதுதான்.

ஐந்நூறு மீட்டர். நாலில் மூன்று பங்கு மற்ற பெயர்களுக்குப் போய்விடும், அவருக்கு நின்றது நூற்றிருபத்தைந்து மீட்டர். ஒரு மனிதனைச் சந்தோஷப்படுத்த அது போதாது. ஆனால் அன்று ஊசியை அவரே போட்டுக்கொண்டார். யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

“போட்டு?” என்று நான் கேட்கலாம்தான். கேட்கவில்லை.

மறுநாள் எழுநூறு மீட்டர். அடுத்த நாள் நடக்கவில்லை. அதற்கடுத்த நாள் ஒரு கிலோமீட்டர். இரண்டாவது வாரம் தெருவில் இறங்கினார். எதிர்வீட்டுக்காரர், “என்ன அண்ணாச்சி, வாக்கிங்கா?” என்று கேட்டதற்கு, “பையனுக்கு முட்டி சரியில்ல. நமக்கு விதிச்சது” என்று அலுத்துக்கொண்டார். அலுத்துக்கொள்கிற அளவுக்குத் தெம்பு வந்திருந்தது. ஜெசிந்தா சிஸ்டர் வீட்டுக்கு வந்து பார்த்தபோது மதிப்பெண் பதினைந்து. கிட்னி எண் ஏறவில்லை, இறங்கவுமில்லை, அப்படியே நின்றிருந்தது. சிஸ்டர் என் காலைப் பார்த்தார். “ஒனக்கு என்ன தம்பி?” என்றார். “பரவுது சிஸ்டர்” என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

என் வாழ்க்கைதான் சிரமமாகிவிட்டது. வீட்டில் நொண்ட வேண்டும். கல்லூரியிலும் நொண்ட வேண்டும், ஏனென்றால் எதிர்வீட்டுப் பெண் அங்கேதான் படிக்கிறாள். மைதானப் பக்கமே போக முடியாது. இருபது வயதில் ஒருவன் ஓட ஆசைப்பட்டு ஏங்குவான் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

இருபத்து மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பா நடந்துவிட்டு வந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டே போனைத் திறந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“ஏல, இங்க வா.”

நொண்டிக்கொண்டு போனேன்.

“நான் இன்னைக்கு மூணுதான் நடந்தேன். மாதாகோயில் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன். இதுல பதினாலு காட்டுது.”

“மிசினு கோளாறா இருக்கும்.”

“நீ ஓடுனியா?”

“முட்டிப்பா.”

“அந்தக் கதையெல்லாம் எனக்குத் தெரியும். நெசத்தச் சொல்லு, ஓடுனியா?”

“சத்தியமா இல்லப்பா.”

“ஒங்கம்மா?”

சமையலறையில் அம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். மூட்டுவலியோடு பதினோரு கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்தவள் போலத் தெரியவில்லை.

நாங்கள் இருவரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். கார்டில் நான்கு பெயர். மூன்று பெயர் இந்த வீட்டில் இருந்தன. மூன்று மாதம் தினமும் எட்டு வந்த இடத்தில் திடீரென்று பூஜ்யம், பிறகு அரை, பிறகு ஒன்று. கடல் இருக்கும் ஊரில் ஒருவன் மூன்று வாரமாக இதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். வீட்டில் ஓடுகிறவனும் படுத்துவிட்டான் என்று நினைத்திருப்பான்.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதினான்கு, பதினான்கு புள்ளி இரண்டு ஆனது. பிறகு புள்ளி மூன்று.

“இன்னும் ஓடிக்கிட்டிருக்கான்” என்றேன்.

அப்பா எழுந்து நின்றார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தக் கோபத்தைப் பார்த்து எத்தனையோ நாளாகிறது. நல்ல கணீரென்ற, பஸ்ஸின் கடைசி இருக்கை வரை கேட்கிற கோபம்.

“எதையாவது அளவாச் செய்யத் தெரியுதா இவனுக்கு? படுத்தா ஏழு மாசம் படுப்பான். ஓடுனா மொத நாளே பதினோரு கிலோமீட்டரா? முட்டி என்னத்துக்கு ஆவும்?”

அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். “யாரு முட்டி?”

அப்பா என்னைப் பார்த்தார். நான் போனைப் பார்த்தேன். புள்ளி ஐந்து.

“ஒம் மூத்த மவன் முட்டி” என்றார் அப்பா.

அம்மா உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். வந்து அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளுக்குள் அப்போது அண்ணன் ஓடிய கிலோமீட்டர்கள் ஏறிக்கொண்டிருந்தன. கையை நீட்டிப் போனை வாங்கி, அந்த எண் கூடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“வெறும் வயித்தோடயா ஓடுதான்?” என்றாள்.

அந்த விவரம் செயலியில் இல்லை.